இடுப்புக்குப் போட்ட மாத்திரை மண்டைக்குள் என்ன செய்கிறது தெரியுமா?

பெரியதாழைக் கடற்கரை. தூண்டில் வளைவுப் பக்கம் கரை தட்டிய படகை ஆள் கூடி மணலில் தள்ளி ஏற்றுகிறார்கள். ஒருவருக்குச் சட்டென்று இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நேரே மெடிக்கல் ஷாப். “அண்ணாச்சி, இடுப்பு புடிச்சிக்கிட்டு. நிமிர முடியல. ஒரு மாத்திரை தாங்க!” தசையைத் தளர்த்தும் மாத்திரை கைக்கு வருகிறது. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் இடுப்பும் இளகுகிறது.

அந்த மாத்திரை இடுப்புத் தசையில் எந்த இடத்தில் வேலை செய்தது தெரியுமா? எந்த இடத்திலும் இல்லை! அது வேலை செய்தது முதுகுத்தண்டிலும் மூளையிலும்! கடையில் கிடைக்கும் தசைத் தளர்த்தி மாத்திரைகளில் பெரும்பாலானவை தசையைத் தொடுவதே இல்லை. ‘இறுகு’ என்று தசைக்கு ஆணை போடும் நரம்புகளைத்தான் அவை அடக்குகின்றன. தசைக்குள்ளேயே போய் வேலை செய்யும் டான்ட்ரோலின் போன்ற மருந்து அபூர்வம்.

இடுப்புக்கு மாத்திரை போட்டால் தூக்கம் சொக்குவது ஏன் என்று இப்போது புரிகிறதா? தலைசுற்றல், தடுமாற்றம், மந்தம், வயதானவர்களுக்குச் சில நேரம் குழப்பம். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருபவை. மருந்து ஏற்கெனவே மண்டைக்குள்தான் இருக்கிறது! இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டுவதும், விடியற்காலையில் படகேறுவதும் எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்!

மாநில மலருக்குள் ஒரு மாத்திரை!

தமிழ்நாட்டின் மாநில மலர் எது? செங்காந்தள்! பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, சிவப்பாகச் சுடர்விடும் ஆறு இதழ்ப் பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதல் பூ இதுதான்! ஈழத் தமிழர்கள் கார்த்திகைப்பூ என்பார்கள். ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுவே தேசிய மலர்!

இந்தப் பூவின் விதையிலிருந்து தசைத் தளர்த்தி மாத்திரை செய்கிறார்கள் என்பது தெரியுமா?

மருந்தின் பெயர் தயோகால்சிகோசைட். செங்காந்தள் விதையில் இருக்கும் கால்சிகோசைட் என்ற பொருளில் ஓர் ஆக்சிஜன் அணுவுக்குப் பதிலாகக் கந்தக அணுவை வைத்தால் இந்த மருந்து. இந்திய மருந்துக் கடைகளில் அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், தயோகால்சிகோசைட் 4 மில்லிகிராம் என்று இரண்டும் ஒரே மாத்திரையில் கலந்து வரும். உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் இப்போதே ஓர் அட்டை கிடந்தாலும் கிடக்கும். எடுத்துப் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்!

விதை எங்கிருந்து வருகிறது? மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரத்தில் செங்காந்தளைப் பயிராகவே போடுகிறார்கள்! ஊருக்குள் அதன் பெயர் கண்வலிக்கிழங்கு. கொடி பற்றி ஏற விராலிக் குச்சியும் கம்பிப் பந்தலும் உண்டு. பூக்கும் பருவத்தில் காலையிலேயே ஆட்கள் வயலில் இறங்கி, மகரந்தத்தைக் கையால் எடுத்துச் சூலகமுடியில் தடவுகிறார்கள். ஒவ்வொரு பூவாக! தேனீயை நம்பியிருந்தால் காய் போதாதாம்! விதை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கும். வெளிநாட்டு மருந்து ஆலைகள் வரை போகும்.

இதே செடியின் கிழங்கு கொடிய விஷம் என்பதும் தெரியுமா? வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. 1966-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இலங்கையிலிருந்து ஒரு செய்தி வந்தது. செங்காந்தள் விஷத்திலிருந்து பிழைத்த ஒருவருக்கு உடம்பு முழுவதும் முடி கொட்டிப்போனது! காரணம் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கால்சிசின். செல்கள் இரண்டாகப் பிரிவதையே நிறுத்திவிடக்கூடிய பொருள் அது. செடிகளில் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கவும் அதைப் பயன்படுத்தலாம் என்று 1937-ல் கண்டுபிடித்தார்கள். விதையில்லாத தர்பூசணி அதன் வழியாகத்தான் பிறந்தது!

சரி, மூளைக்கு வருவோம். இனிமேல்தான் ஆச்சரியமே!

நம் மூளைக்கு ஒரு பிரேக் உண்டு. காபா என்று பெயர். நரம்புகள் எல்லைமீறித் துடிக்காமல் அடக்கி வைப்பது இந்தக் காபாதான். தளர்த்தி மருந்து என்றால் பிரேக்கை அழுத்த வேண்டும், இல்லையா? தயோகால்சிகோசைட் மூளையில் செய்வது தலைகீழ்! காபா உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்து, பிரேக்கைப் பிடிக்கவிடாமல் செய்கிறது! தசை தளரும். ஆனால் வலிப்பு நோய் உள்ளவருக்கோ, மூளையில் முன்பே அடிபட்டவருக்கோ வலிப்பு வரக்கூடும்! அப்படி வந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகள் எழுதியிருக்கின்றன.

சிறுவயதில் வலிப்பு வந்ததைக் கடைக்காரரிடம் எத்தனை பேர் சொல்கிறோம்? “இடுப்பு வலிக்கு எதுக்கு அதெல்லாம்?” என்றுதானே நினைப்போம்? தயவுசெய்து சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதையெல்லாம் எழுதலாம்!

இந்த மருந்தை எத்தனை நாள் சாப்பிடலாம் தெரியுமா? ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் உச்சவரம்பு வைத்தது. மாத்திரையானால் 12 மணி நேரத்துக்கு 8 மில்லிகிராம், அதுவும் 7 நாள் மட்டுமே! ஊசியானால் 5 நாள்! 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கூடாது, கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. உடம்புக்குள் மருந்து உடையும்போது பிறக்கும் ஒரு பொருள், பிரியும் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கையையே குழப்பக்கூடும் என்று தெரியவந்ததுதான் காரணம். கால்சிசினின் சொந்தக்காரர் அல்லவா! நம்மூரில் பழைய சீட்டை நீட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களை நினைத்தால் பதைக்கிறது.

விக்கலுக்குக் கொடுத்தார்கள், நினைவே போனது!

பேக்லோஃபென் என்ற மாத்திரையைப் பிறப்பித்தது எதற்குத் தெரியுமா? வலிப்பு நோய்க்கு! காபா தானாக ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதனால் 1962-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன வேதியியலாளர்கள், குளோரின் ஏந்திய ஒரு வளையத்தைக் காபாவோடு ஒட்டி மூளைக்குள் அனுப்பப் பார்த்தார்கள். வலிப்புக்கு அது கைகொடுக்கவில்லை. ஆனால் விறைத்துப்போன கைகால்கள் இளகின!

அதைவிட விந்தை, 1980-ல் நார்மன் பவரி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, இந்த மருந்தை வைத்துத்தான் மூளையில் அதுவரை யாருக்கும் தெரியாத இன்னொரு வகைக் காபா ஏற்பியையே கண்டுபிடித்தார்! முதலில் மாத்திரை வந்தது, அது வேலை செய்யும் இடம் பல வருஷம் கழித்துத் தெரிந்தது!

பேக்லோஃபென் விக்கலையும் நிறுத்தும். நாள்கணக்கில் விடாத விக்கலுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதுண்டு. இப்போது ஒரு பயங்கரத்தைக் கேளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு விக்கல் அடிக்கடி வரும். பேக்லோஃபெனோ பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும்! சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால்? மருந்து உடம்பிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். ஓரிரு மாத்திரைக்கே ஆள் உளற ஆரம்பிப்பார். பெயர் மறக்கும். சில நேரம் நினைவே தப்பிவிடும்! பக்கவாதமோ என்று வீடே அலறும்!

மாற்று என்ன தெரியுமா? டயாலிசிஸ்! ரத்தத்தைச் சுத்திகரித்தால் மருந்தும் கூடவே வெளியேறுகிறது. நினைவில்லாமல் வந்தவர் எழுந்து உட்கார்ந்து பேசுகிறார்!

கனடாவில் 15,942 சிறுநீரக நோயாளிகளின் பதிவுகளை அலசி 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. நாளுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பேக்லோஃபென் தொடங்கியவர்களில் 1.11 சதவீதம் பேர் 30 நாளுக்குள் மூளைக் குழப்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். குறைந்த அளவு எடுத்தவர்களில் 0.42 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரிகிறதா? நூறு பேரில் ஒருவர்! அதுவும் ஒரே மாதத்தில்!

இதையும் கேளுங்கள். பேக்லோஃபெனை அளவு மீறி விழுங்கியவர் மூளைச்சாவு அடைந்தவரைப் போலவே கிடக்கலாம்! கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காது. இருமல் வராது. தானாக மூச்சு கிடையாது. மூளை அலைப் பதிவிலும் அசைவு மிகக் குறைவு. 2012-ல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில் உறுப்பு தானம் பற்றிய பேச்சு வரைக்கும் போய்விட்டது. சில நாளில் அந்த நோயாளி அசைந்தார். பிறகு முழுக்கத் தேறியும் விட்டார்!

பயப்பட வேண்டாம். இந்திய விதிமுறைப்படி மூளைச்சாவுச் சோதனையைக் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். மருந்தின் வேலையாக இருக்குமோ என்று முதலிலேயே பார்த்துத் தள்ள வேண்டும். அந்த விதி எதற்கு என்பது இப்போது விளங்குகிறதா!

மருந்து கூடினால்தான் ஆபத்து என்று நினைக்கிறீர்களா? திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து! மாதக்கணக்கில் பேக்லோஃபென் எடுத்துப் பழகிய மூளை, ஒரே நாளில் மருந்து நின்றால் கொந்தளித்துவிடும். இல்லாத உருவம் தெரியும், இல்லாத குரல் கேட்கும், வலிப்பும் வரலாம்! முதுகுத்தண்டு நீருக்குள் பம்ப் வைத்துச் சொட்டுச் சொட்டாக இந்த மருந்தைப் பெறுகிறவர்கள் உண்டு. அந்தப் பம்ப் திடீரென நின்றால் கடும் காய்ச்சலும், தசைகள் கல்லாய் இறுகிச் சிதைவதும், மரணமும்கூட நேரலாம். இத்தனைக்கும் அந்தப் பம்பில் போகும் மருந்து எவ்வளவு தெரியுமா? வாயால் விழுங்கும் அளவில் நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான்! நேரே நரம்பு மண்டலத்துக்குள் போகிறது அல்லவா!

குடியை விடவைத்த கதையும் இதற்கு உண்டு. ஒலிவியே அமெய்சென் என்ற பிரெஞ்சு இதயநோய் மருத்துவர் தன் குடிப்பழக்கத்துக்குத் தானே பேக்லோஃபென் எடுத்துப் பார்த்தார். குடிக்கும் ஆசையே விட்டுப்போனது! 2008-ல் அதைப் புத்தகமாக எழுதினார். பிரான்சே பரபரத்தது! 2018-ல் அந்த நாடு குடிநோய்க்கு பேக்லோஃபெனை அனுமதித்தது. இடுப்பு மாத்திரை போய் மூளையின் ஆசையையே தொட்டது!

33 மடங்கு!

டிசானிடின் இன்னொரு தளர்த்தி. இதைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிதான் நீங்கள் குடிக்கும் காபியின் கஃபீனையும் கரைக்கிறது! அந்த நொதியை வேறொரு மருந்து முடக்கிவிட்டால்?

காய்ச்சலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் கூடவே சேர்ந்தால், ரத்தத்தில் டிசானிடின் 10 மடங்கு! மனநோய் மருந்தான ஃப்ளூவாக்சமின் சேர்ந்தால் 33 மடங்கு! ஒரு மாத்திரை விழுங்கியவர் 33 விழுங்கியதற்குச் சமம்! ரத்த அழுத்தம் சரிந்து, மயங்கி, தூக்கத்தில் மூழ்கிவிடுவார். இந்த இரண்டு ஜோடியும் சேரவே கூடாது என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. ஆனால் முதுகுக்கு ஒரு டாக்டர், சிறுநீர்க் கடுப்புக்கு இன்னொரு டாக்டர் என்று போனால் இரண்டும் ஒரே வயிற்றில் சந்திக்கும்!

இல்லாததைக் காணவைக்கும் வேலையையும் டிசானிடின் செய்யும். மருந்துக் குறிப்பில் பதிவான சோதனைகளில் 170 பேரில் 5 பேருக்கு உருவங்கள் தெரிந்தன, அல்லது பொய்யான நம்பிக்கைகள் தோன்றின. அவர்களில் பெரும்பாலோருக்கு அது நிஜமில்லை என்பதும் தெரிந்தே இருந்தது! கண்முன்னே தெரிகிறது, பொய் என்றும் தெரிகிறது. மூளையின் விசித்திரத்தைப் பாருங்கள்!

எலிகள் தளர்ந்தன, அமெரிக்கா அமைதியானது!

பென்சிலின் கெடாமல் காக்க ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார் ஃபிராங்க் பெர்கர். 1940-களின் இங்கிலாந்து. ஒரு ரசாயனத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கைகால் துவண்டு படுத்தன. ஆனால் விழித்தே இருந்தன, சாந்தமாக! அதுதான் மெபெனெசின், 1946-ல் அறிவித்த தசைத் தளர்த்தி.

அதன் வேலை சீக்கிரமே ஓய்ந்துவிடுகிறதே என்று நீடித்து நிற்கும் ஒன்றைத் தேடினார். மெப்ரோபமேட் கிடைத்தது. 1955-ல் ‘மில்டவுன்’ என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தசைக்கென்று தொடங்கிய தேடல், உலகைக் கலக்கிய மனப்பதற்ற மாத்திரையில் போய் முடிந்தது! ‘மில்டவுன் தீர்ந்துவிட்டது’ என்று மருந்துக் கடைகள் போர்டு மாட்டும் அளவுக்குக் கூட்டம்!

அதே பெர்கர் தந்த இன்னொரு தளர்த்தி கேரிசோப்ரடால். கல்லீரலில் அது எதுவாக மாறுகிறது தெரியுமா? மெப்ரோபமேட்டாக! முதுகு வலிக்குச் சாப்பிட்டவர் தெரியாமலே பழைய மில்டவுனைச் சாப்பிடுகிறார்! அடிமைப்படுத்தும் என்பதால் 2007-ல் ஐரோப்பிய முகமை இதை நிறுத்திவைக்கச் சொன்னது. 2012-ல் அமெரிக்கா கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது. டாபென்டடால் என்ற வலிமருந்தோடு இதைக் கலந்த மாத்திரைகள் இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்குள்ள இளைஞர்களைப் போதையில் தள்ளியது தெரியவந்து, 2025 பிப்ரவரியில் இந்திய அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. நம் நாட்டில் செய்த மாத்திரை! இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சைக்ளோபென்சாப்ரின் என்ற தளர்த்திக்கும் மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு! அவ்வளவேதான்!

உடம்பு செத்தது போல, மூளை விழித்தபடி!

இதுவரை பார்த்தவை மூளைக்குள் நுழைகிறவை. அறுவை சிகிச்சை மேசையில் கொடுக்கும் தளர்த்திகள் நேரெதிர். உடம்பை அசைக்கும் தசைகளில் ஒன்று விடாமல் முடக்கும். மூளைக்குள் எட்டிப் பார்க்காது!

இவற்றின் மூதாதை கியூரரே, தென் அமெரிக்கப் பழங்குடிகளின் அம்பு விஷம். 1814-ல் லண்டனில் ஒரு பெண் கழுதைக்கு அதைச் செலுத்தினார்கள். பத்தே நிமிடத்தில் செத்ததுபோல் விழுந்தது. மூச்சுக்குழலில் துளையிட்டுத் துருத்தியால் காற்று ஊதிக்கொண்டே இருந்தார்கள். மணிக்கணக்கில்! விஷம் இறங்கியதும் கழுதை எழுந்து நின்றது. 1839 வரை வாழ்ந்தது! சார்லஸ் வாட்டர்டன் என்ற பயணி அதைத் தன் பண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

1942 ஜனவரி 23-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஹரால்டு கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் இதை மயக்க மருந்தோடு அறுவை சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். உடனே ஒரு சந்தேகம் கிளம்பியது. கியூரரே மூளையையும் மயக்குமா? மயக்கும் என்று சிலர் நம்பினார்கள்!

விடை கண்டுபிடிக்க ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? தானே படுத்துக்கொண்டு, மயக்க மருந்து எதுவும் இல்லாமல், மூச்சை நிறுத்தப் போதுமானதைப்போல் இரண்டரை மடங்கு கியூரரேயைத் தன் உடம்பில் ஏற்றச் சொன்னார்! கண்ணிமைகூட அசையவில்லை. நண்பர்கள் செயற்கை மூச்சு கொடுத்தார்கள். அந்த நேரமெல்லாம் சுற்றிலும் நடந்தவை, பேசியவை அத்தனையும் அவர் மூளையில் பதிந்தன! ஊசியால் குத்தியது வலித்தது! 1947-ல் வெளியானது அந்த அறிக்கை. தளர்த்தி கொடுத்தால் மயக்க மருந்தும் கட்டாயம் வேண்டும் என்பதற்கு அவர் உடம்பே சாட்சி!

அட்ராகூரியம் என்ற இன்றைய தளர்த்தி ரத்தத்தில் தானாகவே உடைந்துபோகும். கல்லீரலும் வேண்டாம், சிறுநீரகமும் வேண்டாம்! ஆனால் உடையும்போது பிறக்கும் லாடனோசின் மூளைக்குள் நுழைந்துவிடும். அளவு மிக அதிகமானபோது விலங்குகளுக்கு வலிப்பை வரவழைத்திருக்கிறது!

சக்சினைல்கோலின் ஊசி ஐந்து நிமிடம்போல்தான் வேலை செய்யும். ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அதைச் சட்டென்று அழித்துவிடும். அந்த நொதியே செயல்படாமல் பிறந்தவருக்கு? மணிக்கணக்கில் அசைவில்லை, மூச்சில்லை! வென்டிலேட்டர்தான் காக்க வேண்டும். உள்ளே மூளை விழித்துவிடாமல் மயக்கத்தையும் தொடர வேண்டும்! ஐரோப்பியரிடையே மிக மிக அபூர்வமான இந்தக் குறை, கோயம்புத்தூரில் வைசிய சமூகத்தினரிடம் நடத்திய ஆய்வில் 24 பேருக்கு ஒருவருக்கு இருந்தது! 2007 வாக்கில் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய 4,000 மடங்கு அதிகம்! அன்றாட வாழ்க்கையில் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. அந்த ஓர் ஊசி போடும் வரை தெரியவே தெரியாது! வீட்டில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்ப நேரமாகியிருந்தால், அடுத்த ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மன்னார் வளைகுடாவில் ஒரு விஷக்கூடம்!

முத்துக் குளித்த கடலிலேயே கியூரரேயின் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள் தெரியுமா? கூம்பு நத்தைகள்! பூவேலை செய்ததுபோன்ற அழகான ஓடு. உள்ளே ஈட்டிபோல் பாயும் ஒரு பல். உலகில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள், மன்னார் வளைகுடாவிலும் பல! சில நத்தைகளின் விஷத்தில் இருக்கும் சில புரதத் துணுக்குகள், கியூரரே பிடிக்கும் அதே தசை ஏற்பியைப் பிடித்து மீனை நொடியில் முடக்கும். சில இனங்கள் மனிதரையும் கொல்லும். மாற்று மருந்து கிடையாது! சங்கு குளிக்கிறவர்களும், கரையில் சிப்பி பொறுக்கும் பிள்ளைகளும் உயிருள்ள கூம்பு ஓட்டைக் கையில் எடுக்கவே கூடாது.

பிலிப்பைன்ஸ் கடலின் ஒரு கூம்பு நத்தையிலிருந்து பிறந்த சிகோனோடைடை 2004 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. தசைத் தளர்த்தி இல்லை, கொடும் வலிக்கான மருந்து. ஆனால் பேக்லோஃபென் போலவே பம்ப் வழியாக முதுகுத்தண்டு நீருக்குள் போகிறது. மூளையை அது படுத்தும் பாட்டைக் கேளுங்கள்! குழப்பம், மறதி, மாயக் காட்சிகள். சைக்கோசிஸ் எனும் மனநோய் வந்தவர்களுக்குத் தரவே கூடாது என்று கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை!

நம் கடல் நத்தை மட்டும் சும்மாவா? தமிழ்நாட்டுக் கரையில் இழுவலையில் ஏறிவரும் கோனஸ் அமாடிஸ் என்ற கூம்பு நத்தையின் விஷத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினரும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினரும் பிரித்துப் பார்த்தார்கள். 26 அமினோ அமிலம் கொண்ட ஒரு துணுக்கு கிடைத்தது. ‘ஏஎம் 2766’ என்று பெயர் வைத்து 2003-ல் அறிவித்தார்கள். அது எதைப் பிடித்துக்கொண்டது தெரியுமா? எலி மூளையின் சோடியம் வாயிலை! திறந்த வாயில் மூட வேண்டிய நேரத்தில் மூடவிடாமல்!